டாலர் குறி தெரிகிறதா? போனுக்குள் வந்துவிட்டீர்கள்!

லேப்டாப்பில் கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து, 'ஏடிபி ஷெல்' என்று தட்டி என்டரை அழுத்துங்கள். ஒரு கணம் ஒன்றும் நடக்காது. அடுத்த கணம், உங்கள் போனின் குறிப்பெயர் ஒரு வரியில் வந்து நிற்கும். அதன் ஓரத்தில் ஒரு டாலர் குறி, அதையொட்டித் துடிக்கும் கர்சர். அவ்வளவுதான், உள்ளே வந்துவிட்டீர்கள்! இனி நீங்கள் தட்டும் கட்டளை எதுவும் லேப்டாப்பில் ஓடாது. கேபிளின் மறுமுனையில் மேசைமேல் சும்மா கிடக்கிறதே, அந்தப் போனுக்குள் ஓடும்.

தினமும் கையில் பிடித்திருக்கும் பொருளுக்குள் இப்படி ஓர் உலகம் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஐகான் இல்லை, விளம்பரம் இல்லை, 'அனுமதிக்கவா' என்று கேட்கும் பெட்டி இல்லை. வெறும் கோப்புகள், கோப்புகளுக்குள் கோப்புகள். அவற்றைப் பார்க்கலாம், படிக்கலாம், முக்கியமாக, படி எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு போனின் சிஸ்டம் கோப்புகளைக் கட்டளை வழியே பேக்கப் எடுப்பது கைதேர்ந்த நிபுணர்களின் வேலை என்று ஒரு பயம் ஊரெங்கும் இருக்கிறது. அந்தப் பயத்தை வாசலில் விட்டுவிட்டு வாருங்கள். ஒரு சுற்று சுற்றிக் காட்டுகிறேன். (கட்டளைகளைத் தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்டவேண்டும். இங்கே அவற்றின் ஒலியைத் தமிழில் எழுதியிருக்கிறேன்.)

ஏழு தட்டு, ஒரு சாவி

நுழைவாயில் ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது! செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதிக்குப் போய், 'பில்ட் நம்பர்' என்ற வரியை ஏழு முறை தட்டவேண்டும். கடைசித் தட்டில், நீங்கள் இப்போது டெவலப்பர் ஆகிவிட்டீர்கள் என்று போனே அறிவிக்கும். அப்போது முளைக்கும் புதிய மெனுவில் 'யூஎஸ்பி டீபக்கிங்' என்ற சுவிட்சைப் போடுங்கள். லேப்டாப் பக்கத்துக்கு வேண்டியது, 'ஏடிபி' என்ற நிரலைக் கொண்ட 'பிளாட்ஃபார்ம் டூல்ஸ்' என்ற சிறு தொகுப்பு மட்டுமே. கூகுள் இலவசமாகத் தருகிறது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் உண்டு.

கேபிளைச் செருகியதும் போன் திரையில் ஒரு கேள்வி எழும்: இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா? கூடவே நீளமாக ஒரு கைரேகை எண். லேப்டாப்பின் ஆர்எஸ்ஏ சாவிக்கு உரிய அடையாளம் அது. 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.2.2 முதல் இந்தக் காவல் இருக்கிறது. நீங்கள் 'சரி' சொல்லும்வரை எந்த லேப்டாப்பும் ஏடிபி வழியே உங்கள் போனுக்குள் எட்டிப்பார்க்க முடியாது. சார்ஜ் போட என்று அந்நியக் கம்ப்யூட்டரில் செருகும்போது இந்தக் கேள்வி வந்தால் கட்டாயம் 'வேண்டாம்' சொல்லுங்கள்.

'ஏடிபி டிவைசஸ்' என்று தட்டினால் போனின் சீரியல் எண் வரும், பக்கத்தில் 'டிவைஸ்' என்ற சொல் நிற்கும். 'அன்ஆத்தரைஸ்டு' என்று வந்தால் போன் திரையில் இன்னும் சம்மதம் தரவில்லை என்று பொருள். இந்த ஒரு வரிக்குப் பின்னால் மூவர் வேலை செய்கிறார்கள். நீங்கள் தட்டியதை வாங்கும் கிளையன்ட் ஒன்று. லேப்டாப்பின் 5037-ஆம் போர்ட்டில் காத்திருக்கும் சர்வர் ஒன்று. போனுக்குள் விழித்திருக்கும் 'ஏடிபிடி' என்ற சிறு நிரல் ஒன்று.

முதல் சுற்று: ரூட் இல்லாமலே!

சிஸ்டம் கோப்பு என்றாலே ரூட் எனும் முழு அதிகாரம் வேண்டும் என்பார்கள். தொடவும் மாற்றவும்தான் ரூட் வேண்டும். பார்க்கவும் படி எடுக்கவும் திறந்தே கிடப்பவை ஏராளம்.

'எல்எஸ் /சிஸ்டம்/ஃபான்ட்ஸ்' என்று தட்டுங்கள். உலகத்து எழுத்துகள் எல்லாம் வரிசையாக வந்து கொட்டும். அந்தக் கூட்டத்தில் 'நோட்டோ சான்ஸ் தமிழ்' என்ற கோப்பு கண்ணில் படும்போது ஒரு துள்ளல் வருமே, அதை அனுபவித்துத்தான் பார்க்கவேண்டும்! போனில் நீங்கள் வாசிக்கும் ஒவ்வொரு 'ழ'வும் இத்தகைய கோப்பு ஒன்றிலிருந்துதான் எழுந்து வருகிறது. ஆண்ட்ராய்டின் ஆரம்ப ஆண்டுகளில் இது பல போன்களில் இல்லை. தமிழ்ச் செய்தி எதைத் திறந்தாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அன்று ரூட் செய்த தமிழர்கள் இதே அறைக்குள் நுழைந்து, 'டிராய்டு சான்ஸ் ஃபால்பேக்' என்ற எழுத்துருக் கோப்பை எடுத்துவிட்டு, தமிழ் சேர்த்த கோப்பை அதே பெயரில் வைத்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் முதலில் பழைய கோப்பை மெமரி கார்டுக்குப் படி எடுத்துக்கொண்டார்கள், பிறகே புதியதை வைத்தார்கள். படி முதலில், மாற்றம் பிறகு. இந்தக் கலையின் முழுச் சட்டமும் அந்த வரிசையில் அடங்கிவிடுகிறது.

'எக்ஸிட்' தட்டி ஷெல்லிலிருந்து வெளியே வந்து, 'ஏடிபி புல் /சிஸ்டம்/ஃபான்ட்ஸ்' என்று ஒரே வரி கொடுங்கள். சதவீதம் ஏறிக்கொண்டே போய், அந்தக் கோப்புறை அப்படியே லேப்டாப்புக்கு வந்துவிடும். எடுத்துவிட்டீர்கள், உங்கள் முதல் சிஸ்டம் பேக்கப்!

அடுத்த அறை ஒலிகளுடையது. /சிஸ்டம்/மீடியா/ஆடியோ என்ற பாதையில் இருக்கும், புதிய போன்களில் /ப்ராடக்ட்/மீடியா/ஆடியோ. உள்ளே 'யூஐ' என்ற கோப்புறையில் 'கேமரா_கிளிக்' என்று ஓர் ஓஜிஜி கோப்பு. படம் எடுக்கும்போது கேட்கும் 'கிளிக்' இதுதான்! ஷட்டரே இல்லாத கேமராவுக்கு ஷட்டர் ஓசை தரும் கோப்பு. பக்கத்திலேயே 'லாக்', 'லோ பேட்டரி'. நிறுவனங்கள் மாற்றாத மூல ஆண்ட்ராய்டில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' கோப்புறையைத் திறந்தால் ஓர் இரவு வானமே விரியும். பீட்டல்ஜூஸ், ஆல்டெபரன், ஸ்பைக்கா, ஆர்க்டரஸ், ஆன்டாரஸ். நம் பஞ்சாங்கத்தின் திருவாதிரையும் ரோகிணியும் சித்திரையும் சுவாதியும் கேட்டையும் இங்கே மெசேஜ் வந்ததைச் சொல்லும் மணிகளாக உட்கார்ந்திருக்கின்றன. அலாரம் கோப்புறைக்குப் போனால் ஆர்கான், நியான், கார்பன், ஆஸ்மியம் என்று வேதியியல் தனிமங்கள். யாரோ ஒரு பொறியாளர் ரசித்து ரசித்துப் பெயர் வைத்திருக்கிறார்!

இன்னொன்று பார்த்தே ஆகவேண்டும்: 'பூட்அனிமேஷன்' என்ற ஜிப் கோப்பு. போன் உயிர்பெறும்போது திரையில் ஆடும் காட்சி இதற்குள் இருக்கிறது. லேப்டாப்புக்கு இழுத்துத் திறந்தால் 'பார்ட்0', 'பார்ட்1' என்ற கோப்புறைகளில் ஒவ்வொரு சட்டகமும் தனித்தனிப் படமாக இருக்கும். கூடவே 'டெஸ்க்' என்று ஒரு குட்டி உரைக் கோப்பு. அதன் முதல் வரியில் மூன்றே எண்கள்: அகலம், உயரம், நொடிக்கு எத்தனை படம். ஒரு சினிமாவுக்கு மூன்று எண்களில் திரைக்கதை! (சாம்சங் போன்களில் இதற்கு வேறு கோப்பு வகை.)

ஐம்பது வயதுக் கட்டளைகள்

சுற்றிப் பார்க்கும்போதே இன்னொரு வியப்பையும் சொல்லிவிடவேண்டும். இங்கே நாம் தட்டும் கட்டளைகள் போனைவிட மூத்தவை. கோப்பைப் படி எடுக்கும் 'சிபி', பட்டியலிடும் 'எல்எஸ்', உள்ளடக்கத்தைக் கொட்டும் 'கேட்' மூன்றும் 1971-இல் பெல் ஆய்வகத்தின் முதல் யூனிக்ஸ் பதிப்பிலேயே இருந்தவை. தரவைத் துண்டு துண்டாகப் படி எடுக்கும் 'டிடி' 1974-இல் ஐந்தாம் பதிப்பில் வந்தது. பல கோப்புகளை ஒரே மூட்டையாகக் கட்டும் 'டார்' 1979-இன் ஏழாம் பதிப்பில். அலமாரி உயரக் கம்ப்யூட்டர்களுக்கும் காந்த நாடாக்களுக்கும் எழுதப்பட்டவை இன்று சட்டைப்பையில் ஓடுகின்றன.

இன்னும் சுவையான சங்கதி: ஆரம்பகால ஆண்ட்ராய்டு ஷெல்லில் 'சிபி' கிடையாது! படி எடுக்கும் கட்டளையே இல்லாத ஒரு லினக்ஸ். அன்றைய ஆர்வலர்கள் 'கேட்' கொண்டு ஒரு கோப்பைக் கொட்டி, அம்புக்குறியால் இன்னொரு கோப்பில் பிடித்தார்கள். இல்லாவிட்டால் 'டிடி'யை அழைத்தார்கள். நூற்றுக்கணக்கான கட்டளைகளை ஒரே கோப்பில் அடக்கிய 'பிஸிபாக்ஸ்' பலருக்குக் கைகொடுத்தது. டெபியன் லினக்ஸின் நிறுவல் ஃபிளாப்பிக்காக 1990-களின் நடுவில் புரூஸ் பெரன்ஸ் எழுதிய நிரல் அது. ஆண்ட்ராய்டு 6.0 முதல் ராப் லாண்ட்லியின் 'டாய்பாக்ஸ்' போனோடு சேர்ந்தே வருகிறது. இன்று நீங்கள் 'சிபி' என்று தட்டினால் பதில் சொல்வது அதுதான்.

டாலர் போய் ஹேஷ் வருகிறது

இனி ஆழமான அறை. போனின் சேமிப்பகம் ஒரே பரப்பாக இல்லை, பல பார்ட்டிஷன்களாகப் பிரிந்திருக்கிறது. 'எல்எஸ் /டெவ்/பிளாக்/பைநேம்' என்று தட்டினால் அவற்றின் பெயர்ப்பட்டியல் வரவேண்டும். சாதாரண ஷெல்லில் வராது. 'பர்மிஷன் டினைட்' என்று கறாராக மறுத்துவிடும். இங்கேதான் ரூட் வேண்டும். ஜான் வூ உருவாக்கி 2016-இல் வெளியான 'மேஜிஸ்க்' இன்று பரவலான வழி. ரூட் செய்த போனில் 'எஸ்யூ' என்று தட்டினால் போன் திரை அனுமதி கேட்கும். 'கிராண்ட்' கொடுங்கள். கறுப்பு ஜன்னலில் அந்த டாலர் குறி மறைந்து '#' என்ற ஹேஷ் குறி வந்து நிற்கும். ஒரே ஒரு எழுத்துதான் மாறியது. ஆனால் இப்போது இந்த எந்திரத்தில் உங்களுக்கு மேல் யாரும் இல்லை!

மறுபடியும் அதே பட்டியல் கட்டளை. இந்த முறை மடமடவென்று கொட்டும். பூட், ரெகவரி, மோடம், பெர்சிஸ்ட், யூசர்டேட்டா... சில பெயர்கள் '_ஏ', '_பி' என்று இரட்டையாக வரும். ஆண்ட்ராய்டு 7.0-இல் வந்த ஏற்பாடு அது. ஒன்றில் போன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றொன்றில் அப்டேட் இறங்கும்.

இந்தக் கூட்டத்தில் எதைப் படி எடுப்பது? பெரியதை அல்ல, சிறியதை! சில எம்பி மட்டுமே உள்ள பார்ட்டிஷன்களில்தான் போனின் அடையாளம் இருக்கிறது. பழைய சாம்சங் போன்களில் 'இஎஃப்எஸ்'. குவால்காம் சிப் போன்களில் 'மோடம்எஸ்டி1', 'மோடம்எஸ்டி2', 'எஃப்எஸ்ஜி'. மீடியாடெக்கில் 'என்விராம்', 'என்விடேட்டா'. போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ, வைஃபை, புளூடூத் முகவரிகள், ரேடியோவை ஆலையில் அளந்து சரிசெய்த எண்கள் எல்லாம் இவற்றிலும் இவற்றையொட்டிய பகுதிகளிலும் இருக்கின்றன. சென்சார்களைத் திருத்திய அளவுகள் பல போன்களில் 'பெர்சிஸ்ட்' என்ற பகுதியில். ஆண்ட்ராய்டை எத்தனை முறையும் புதிதாக ஏற்றலாம், இணையத்தில் கிடைக்கும். இந்த எண்கள் எங்கும் கிடைக்கமாட்டா. உலகத்தில் உங்கள் போனில் மட்டும்தான் இருக்கின்றன. வீட்டுப் பத்திரத்தை நகல் எடுத்து வேறிடத்தில் வைக்கிறோமே, அதே அக்கறை இதற்கும் தகும்.

தயாரித்தவர்களே இதை உணர்ந்திருக்கிறார்கள்! குவால்காமின் 'எஃப்எஸ்ஜி' வேறொன்றுமில்லை. மோடத்தின் பதிவுகள் கெட்டுப்போனால் திரும்ப எழுதிக்கொள்ள ஆலையிலேயே வைத்தனுப்பிய காப்புப் படி. 2010-இல் வந்த கேலக்ஸி எஸ் போனிலும் 'என்வி_டேட்டா' கோப்பின் பக்கத்திலேயே அதைச் சரிபார்க்கும் எம்டி5 எண் வைக்கப்பட்டிருந்தது. ரோம் எனும் ஆண்ட்ராய்டுத் தொகுப்பை மாற்றும் ஆர்வத்தில் அந்தக் கோப்பு கெட்டுப்போன போன்கள், தங்கள் ஐஎம்இஐ-யை மறந்து 004999 என்று தொடங்கும் பொது எண்ணைக் காட்டின. நெட்வொர்க் சரியாகக் கிடைக்காமல் அவதிப்பட்டவர்கள் அநேகர். முன்கூட்டியே படி எடுத்தவர்கள் சில கட்டளைகளில் மீண்டார்கள்.

டிடி ஆடும் மேடை

சரி, செய்தே பார்த்துவிடுவோம்! முதலில் 'பூட்' பார்ட்டிஷன். 'டிடி'க்கு மூன்று விவரம் போதும். 'ஐஎஃப்' என்றால் எங்கிருந்து எடுப்பது. 'ஓஎஃப்' என்றால் எங்கே எழுதுவது. 'பிஎஸ்' என்றால் ஒரு வாய்க்கு எவ்வளவு. எங்கிருந்து: /டெவ்/பிளாக்/பைநேம்/பூட்_ஏ. எங்கே: /எஸ்டிகார்டு/பூட்.இமேஜ். ஒரு வாய்க்கு 4 எம்பி. என்டர்!

பூட் பகுதி 64 எம்பி என்றால், திரையில் இப்படி வரும்: 16+0 உள்ளே, 16+0 வெளியே, மொத்தம் 67108864 பைட். உள்ளே போன எண்ணிக்கையும் வெளியே வந்த எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கிறதே, அந்தப் பொருத்தத்தைப் பார்க்கும்போது மனம் குளிர்ந்துவிடும்.

வந்த கோப்பை 'எக்ஸ்எக்ஸ்டி' கொண்டு பைட் பைட்டாகத் திறந்து முதல் வரியைப் பாருங்கள். 41 என்று தொடங்கி 21 என்று முடியும் எட்டு பைட்கள். எழுத்தாக வாசித்தால் ஆண்ட்ராய்டின் பெயர், ஏழு பெரிய எழுத்துகளில். எட்டாவது ஓர் ஆச்சரியக்குறி! ஆண்ட்ராய்டு பூட் இமேஜ்கள் பொதுவாக இப்படித்தான் தொடங்குகின்றன. உலகெங்கும் கோடிக்கணக்கான போன்களின் அடியாழத்தில், யாரும் பார்க்காத இடத்தில், தன் பெயரைத் தானே கூவிக்கொண்டு நிற்கும் ஓர் ஆச்சரியக்குறி. இதைக் கண்ணால் பார்த்த பிறகு போனைப் பழையபடி வெறும் கண்ணாடிப் பலகையாக நினைக்க முடியுமா?

இதே வரியில் பெயரை மட்டும் மாற்றி மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2, எஃப்எஸ்ஜி, பெர்சிஸ்ட் ஒவ்வொன்றாக எடுங்கள். மோடம் ஓடிக்கொண்டே தன் பகுதியில் எழுதக்கூடும். அதனால் அவற்றை 'டிடபிள்யூஆர்பி' போன்ற ரெகவரிக்குள் போய் எடுப்பது நல்லது, அங்கே ஷெல் திறந்தாலே ஹேஷ் குறிதான். பிறகு எல்லாவற்றையும் 'ஏடிபி புல்' கொண்டு லேப்டாப்புக்கு இழுங்கள். ஷெல்லின் வெளியீட்டை அம்புக்குறியால் நேராக லேப்டாப் கோப்பில் பிடிக்கும் குறுக்குவழி வேண்டாம். பழைய ஏடிபி, வழியில் வரும் 'புது வரி' பைட்டுக்கு முன்னால் இன்னொரு பைட்டைச் சேர்த்துவிடும். கோப்பு முழுதாக வந்ததுபோலத் தெரியும், உள்ளே கெட்டிருக்கும். போனிலேயே எழுதி, பிறகு இழுப்பதுதான் பழுதில்லாத வழி.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். ஐஎஃப்-ஐயும் ஓஎஃப்-ஐயும் இடம்மாற்றினால் 'டிடி' கேள்வி கேட்காது, எச்சரிக்காது. பார்ட்டிஷன்மேல் அப்படியே எழுதிவிடும். என்டருக்கு முன் அந்த இரண்டையும் வாய்விட்டு வாசியுங்கள்.

படி சரியா என்று கேளுங்கள்

படி எடுத்தது பாதி வேலை. அது மூலத்துக்குச் சமமா என்று பார்ப்பது மீதிப் பாதி. போனில் அந்தப் பார்ட்டிஷனுக்கு 'எஸ்ஹெச்ஏ256சம்' கொடுங்கள், 64 எழுத்து நீளத்துக்கு ஒரு விடை வரும். லேப்டாப்பில் உள்ள கோப்புக்கும் அதையே கேளுங்கள். விண்டோஸில் 'செர்ட்யூடில்' இந்த வேலையைச் செய்யும். இரண்டு விடையும் கடைசி எழுத்துவரை ஒன்றானால் உங்கள் படி அச்சு அசல். ஒரே ஒரு பிட் பிசகினாலும் விடை முழுக்க வேறாகிவிடும். அந்த 64 எழுத்தையும் ஓர் உரைக் கோப்பில் எழுதி இமேஜ்களோடு சேர்த்து வையுங்கள்.

'யூசர்டேட்டா'வையும் இப்படியே டிடி செய்துவிட்டால் போட்டோ, சாட் எல்லாம் பத்திரமாகிவிடும் அல்லவா என்று கேட்கலாம். ஆகாது. இன்றைய போன்களில் அந்தப் பகுதி குறியாக்கம் செய்யப்பட்டது, அதன் சாவி போனின் வன்பொருளோடு பிணைந்தது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், புதிய போன்களுக்குக் கோப்புவாரிக் குறியாக்கம் கட்டாயம். நூறு ஜிபி எடுத்தாலும் கையில் இருப்பது வாசிக்க முடியாத பைட் குவியல்தான். போட்டோவுக்கும் ஆவணங்களுக்கும் 'ஏடிபி புல் /எஸ்டிகார்டு' போதும், ரூட்டும் வேண்டாம். 'மைனஸ் ஏ' சேர்த்தால் கோப்புகளின் பழைய தேதியும் மாறாமல் வரும்.

ரூட்டுக்காக, போனைத் தொடக்கிவைக்கும் பூட்லோடரை அன்லாக் செய்ய நினைப்பவர்கள் ஒன்றை மனதில் வைக்கவேண்டும். அன்லாக் ஆகும் கணத்தில் போனிலுள்ள உங்கள் தரவு முழுவதும் அழியும். சாம்சங்கில் அனுமதியில்லாத மென்பொருளை ஏற்றினால் 'நாக்ஸ்' உருகி நிரந்தரமாக எரியும், சில பேங்க் ஆப்கள் ஓட மறுக்கும். ஆகவே எஸ்டிகார்டு படி முதலில், அன்லாக் பிறகு. எடுத்த அடையாளப் பார்ட்டிஷன்களை அதே போனில் மட்டுமே திரும்ப எழுதுங்கள். ஐஎம்இஐ-யை மாற்றுவதும் அழிப்பதும் இந்தியாவில் குற்றம். நம் போனின் எண்ணை நாமே காத்து வைப்பது வேறு, அதை மாற்றுவது வேறு.

இந்த வாரமே ஒரு வேலை

எல்லாருக்கும் ரூட் வேண்டியதில்லை. டாலர் குறி வரை போனாலே போதும். எழுத்துருக்களைப் பாருங்கள், கேமரா கிளிக்கைக் கேளுங்கள், /எஸ்டிகார்டை முழுதாக ஒரு முறை இழுத்து வையுங்கள். ஏற்கெனவே ரூட் செய்தவரா நீங்கள்? அப்படியானால் அடுத்த ரோமை ஏற்றுவதற்கு முன், பூட்டையும் மோடம் பகுதிகளையும் பெர்சிஸ்டையும் இன்றே டிடி செய்யுங்கள், எண்களைச் சரிபாருங்கள், லேப்டாப்பில் ஒன்றும் வெளியே ஒரு பென்டிரைவில் ஒன்றுமாக இரண்டு இடத்தில் வையுங்கள். ஒரு மாலைப்பொழுது கூட ஆகாத வேலை இது. போன் நல்லபடி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் இதைச் செய்ய முடியும்.